ஒரே நாடு, ஒரே சந்தா: ஆய்வு நூலகத்துக்கு வெளியே நிற்பவர்கள்

ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்னும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பன்னாட்டுப் பதிப்பகங்கள் வெளியிடும் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை, 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்த 1.8 கோடிப் பேர் இணையவழியில் படிக்கலாம் என்பது அறிவிப்பு. அதுவரை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வோர் ஆய்வு நிறுவனமும் தனித்தனியே பேரம் பேசி, தனித்தனியே பணம் கட்டி வாங்கிவந்த ஆய்விதழ்களை இனி நாடே ஒட்டுமொத்தமாக வாங்கும். நூலக வரவுசெலவில் பாதிக்கு மேல் சந்தாவுக்கே பறிகொடுத்துவந்த அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இது பெரும் ஆறுதல் என்பதில் ஐயமில்லை.

ஆனால், ஒரு திட்டத்தின் பெயரில் ‘நாடு’ என்ற சொல் இருந்தால், அந்த நாட்டுக்குள் யார் யார் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்பது நம் கடமை. அமைச்சரவை அறிவிப்பின் வரையறை தெளிவானது: ஒன்றிய அரசு அல்லது மாநில அரசின் நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களும், ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்களுமே முதற்கட்டப் பயனாளிகள். தனியார் கல்லூரிகளும் பொது நூலகங்களும் அடுத்தடுத்த கட்டங்களுக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றன. இந்தியாவில் உள்ள கல்லூரிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு தனியார் நிர்வாகத்தில் இருப்பவை. ஆகவே, ‘ஒரே நாடு’ என்பது கல்லூரிகளின் கணக்கில் பார்த்தால் நாட்டின் சிறு பகுதியே.

இரண்டு ஊர்கள் காட்டும் உண்மை

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் எடுத்துக்கொள்வோம். ராஜபாளையம் நூற்பாலைகள் உள்ள தொழில் நகரம். ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட முதன்மை நீதிமன்றம் அமைந்த ஊர். 2018 இல் நிதி ஆயோக் பட்டியலிட்ட ‘முன்னேற விழையும் மாவட்டங்களில்’ தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற இரண்டில் ஒன்று விருதுநகர், மற்றொன்று ராமநாதபுரம். வளர்ச்சியில் பின்தங்கியது என்று அரசே ஒப்புக்கொண்ட மாவட்டம் இது.

இவ்விரு ஊர்களையும் சுற்றி உயர்கல்வி நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி அரசு உதவிபெறும் கல்லூரி. ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி சுயநிதிக் கல்லூரி. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தனியார் அறக்கட்டளையின் நிறுவனம். இவை எவையும் அரசின் நிர்வாகத்தில் இருப்பவை அல்ல. உதவிபெறும் கல்லூரியின் ஆசிரியர்களுக்கு அரசு ஊதியம் தருகிறது. ஆனாலும் நிர்வாகம் தனியாரிடம் இருப்பதால், ‘அரசின் நிர்வாகத்தில் உள்ள’ என்ற சொற்களை அப்படியே படித்தால் அக்கல்லூரி மாணவரும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார். இதே மாவட்டத்தில் அருப்புக்கோட்டை, சிவகாசி அரசுக் கல்லூரிகளின் மாணவர்கள் உள்ளே இருக்கிறார்கள். ஒரே மாவட்டம், ஒரே பாடம், ஒரே முனைவர் பட்ட விதிமுறை. நூலகம் மட்டும் இரண்டு.

தனியார் நிர்வாகம் தன் பணத்தில் வாங்கிக்கொள்ளட்டும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால், அந்தக் கல்லூரிகளில் படிப்பவர்கள் யார்? ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை 2012 செப்டம்பர் 11 அன்று வெளியிட்ட அரசாணை எண் 92, சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்று கூறியது. அந்த ஆணை எத்தனையோ சேரிகளின் முதல் பொறியாளரையும் முதல் அறிவியல் பட்டதாரியையும் உருவாக்கியிருக்கிறது. அதைச் செயல்படுத்த நாம் நடத்திய போராட்டங்கள் இன்னும் ஓயவில்லை. அரசே கட்டணம் செலுத்தி ஒரு தலித் மாணவரைத் தனியார் கல்லூரிக்கு அனுப்புகிறது. அரசே நடத்தும் நூலகத் திட்டம் அதே மாணவரைப் பார்த்து, “நீ தனியார் கல்லூரி மாணவர்” என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறது. ஒரு கை கொடுப்பதை மறு கை தடுக்கிறது.

அறிவியல் ஆய்வாளருக்கு என்ன தேவை?

பள்ளி மாணவருக்குப் பாடநூல் போதும். இளங்கலை மாணவருக்குப் பாடநூலும் சில துணைநூல்களும் போதும். ஆய்வாளரின் தேவை வேறு. தான் எடுத்துக்கொண்ட கேள்வியை உலகில் யார் யார் எப்படி ஆராய்ந்திருக்கிறார்கள், எந்த முறையில் ஆராய்ந்தார்கள், எங்கே தவறினார்கள், கடைசியாக வந்த முடிவு என்ன என்பதை அவர் அறிந்தாக வேண்டும். இவை நூல்களில் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும்; ஆய்விதழ்களில்தான் முதலில் வெளிவரும். கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஆய்வு செய்ய முடியாது. செய்முறையும் அட்டவணையும் தரவுகளும் முழுக் கட்டுரைக்குள்தான் இருக்கின்றன. அவை கிடைக்காத ஆய்வாளர் ஏற்கெனவே கண்டறியப்பட்டதையே மீண்டும் கண்டறிய உழைப்பார். அல்லது சுருக்கங்களைக் கோத்து ஆய்வேடு எழுதுவார். பின்னர், “இந்த மாணவர்களுக்குத் தரம் போதாது” என்று நேர்முகத் தேர்வில் சொல்லப்படும். தகுதி என்னும் சொல்லுக்குப் பின்னால் ஒரு நூலகம் இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

இவ்விரு ஊர்களின் மண்ணிலிருந்தே மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

முதலாவது, காடு. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் 1988 இல் அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அது மேகமலையோடு இணைக்கப்பட்டு, 1,016.57 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமானது. செண்பகத்தோப்பிலும் ராஜபாளையம் அய்யனார் கோவில் பகுதியிலும் மலையடிவாரத்தில் பளியர் குடியிருப்புகள் உள்ளன. வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38-வி, புலிகள் காப்பகத்திலிருந்து பழங்குடியினரை இடம்பெயர்க்க வேண்டுமானால் அவர்கள் காட்டில் இருப்பதால் மீட்க முடியாத சேதம் நேர்கிறது என்பதை நிறுவ வேண்டும் என்கிறது. அதை அம்மக்களின் ஒப்புதலோடும், அப்பகுதியை அறிந்த சூழலியல், சமூக அறிவியலாளரைக் கலந்தும் செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் இதே பாதையில் செல்கிறது. ஆக, ஒரு குடியிருப்பின் எதிர்காலத்தை முடிவு செய்யும் இடத்தில் சட்டம் அறிவியலைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. அந்தக் கேள்வி எழும் நாளில், அணில்களைப் பற்றியும் புலிகளின் வழித்தடம் பற்றியும் மனித வாழ்வின் தாக்கம் பற்றியும் எழுதப்பட்ட ஆய்வுகளைப் படித்து மறுத்துப் பேச யாருக்கு வாய்ப்பிருக்கும்? பளியரின் மூலிகை அறிவைப் பற்றித் தாவரவியல் இதழ்களில் பல ஆண்டுகளாகக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. அறிவைத் தந்தவர் அவர், பெயர் பெற்றவர் ஆய்வாளர், விற்பவர் பதிப்பகத்தார். அந்தக் குடியிருப்பிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் ஓர் இளைஞர், தன் பாட்டி சொன்னதைப் படிக்கப் பணம் கட்ட வேண்டியிருக்கலாம்.

இரண்டாவது, பஞ்சு. நூற்பாலைகளில் பஞ்சுத் தூசியைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய், 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோயாக இடம்பெற்றது. நோய் பட்டியலில் இருந்தால் மட்டும் இழப்பீடு வந்துவிடாது. தொழிலாளியின் இருமல் பீடியால் வந்தது, காசநோயால் வந்தது என்று எதிர்த்தரப்பு வாதிடும். தூசியின் அளவு, வேலை செய்த ஆண்டுகள், நுரையீரல் செயல்திறன் ஆகியவற்றுக்கிடையேயான தொடர்பைக் காட்டும் மருத்துவ ஆய்வுகளை வைத்தே அதை மறுக்க முடியும். நிர்வாகத்தின் நிபுணருக்கு அக்கட்டுரைகள் கிடைக்கும். தொழிலாளியின் வழக்கறிஞருக்கோ, அவருக்கு உதவ முன்வரும் உள்ளூர்க் கல்லூரியின் உயிரியல் ஆய்வு மாணவருக்கோ கிடைப்பதில்லை.

மூன்றாவது, வெடிமருந்து. சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் பணியாற்றுவோரில் தலித் மக்கள் கணிசமானோர். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பேரியம் உப்புகளைப் பட்டாசுகளில் பயன்படுத்தத் தடை விதித்தது. மாற்று வேதிப்பொருள்கள் எவை, அவற்றின் உராய்வு உணர்வு என்ன, கலவை செய்யும் கைகளுக்கு எது ஆபத்து குறைந்தது என்பவை வேதியியல் கேள்விகள். இந்த மாவட்டத்தின் கல்லூரிகளில் வேதியியல் துறை இல்லாத கல்லூரி அரிது. தங்கள் அண்டை வீட்டார் மாண்டுபோகும் காரணத்தை ஆராய வேண்டிய துறைகள் இவை. அந்த ஆய்வுக்கான இலக்கியம் அவர்கள் நூலகத்தில் இருக்க வேண்டும் என்பது ஆடம்பரக் கோரிக்கை அன்று.

ஆய்வுக் குழுவுக்காக அடுக்கப்படும் அலமாரிகள்

நூலகம் என்றால் எத்தனை தலைப்புகள், எத்தனை படிகள் என்று எண்ணிப் பார்ப்பதே நம் கல்வி நிர்வாகத்தின் வழக்கம். அங்கீகாரம் வழங்கும் குழுக்கள் எண்ணிக்கையையும் செலவுக் கணக்கையும் கேட்கின்றன. எனவே, குழு வருவதற்கு முன் வழிகாட்டி நூல்களையும் ஒரே பாடநூலின் பல படிகளையும் மொத்தமாக வாங்கி அடுக்குவது பல கல்லூரிகளில் காணப்படும் நடைமுறை. யார் கேட்டு வாங்கினார்கள், யார் எடுத்துப் படித்தார்கள் என்ற கேள்விக்கு விடை இருப்பதில்லை.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. இந்த இரண்டாம் விதியைச் சமூகநீதியின் மொழியில் படித்துப் பாருங்கள். வாசகர் தேடிவர வேண்டும் என்று அது சொல்லவில்லை. வாசகர் யார் என்று அறிந்து சேகரிப்பை அமைக்கும் பொறுப்பை நூலகத்தின் மேல் சுமத்துகிறது. சேகரிப்பை அமைக்கும் முன் ஆய்வாளர்களிடம் கேட்க வேண்டும்: என்ன தலைப்பில் ஆராய்கிறீர்கள், எந்த இதழ்கள் தேவை, எந்தத் தரவுத்தளம் இல்லாமல் தடுமாறுகிறீர்கள்? அப்படிக் கேட்கும் நூலகர் முழுநேரப் பணியில் இருக்க வேண்டும். அவர் கேட்கும்போது, துறைத்தலைவருக்கு நெருக்கமானவர்கள் மட்டும் பட்டியல் தரும் நிலை இருக்கக் கூடாது.

ஏனெனில், நூலகம் தராததை ஆய்வாளர்கள் வேறு வழியில் பெறுகிறார்கள். அந்த வேறு வழி எல்லோருக்கும் ஒன்றல்ல. ஐஐடியில் படிக்கும் அத்தை மகன், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் அண்ணன், தந்தையின் நண்பரான பேராசிரியர் ஆகியோருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் மாலைக்குள் கட்டுரை வந்துவிடும். இது சிலருக்கு மிக இயல்பான வசதி. அதை வசதி என்றுகூட அவர்கள் உணர்வதில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த உறவு வளையம் இல்லை. பொது நூலகம் நலிந்த இடத்தில் சாதி ஒரு தனியார் நூலகமாகச் செயல்படுகிறது. ஆகவேதான் நூலகச் சேகரிப்பு என்பது நூலகர்களின் தொழில்நுட்பச் சிக்கல் மட்டுமல்ல, நம் இயக்கங்களின் கோரிக்கையும் ஆகிறது.

விலையும் சட்டமும்

நூலகத்தில் சந்தா இல்லையென்றால் ஒரு கட்டுரையை மட்டும் தனியே வாங்கலாம். பெரும் பதிப்பகங்கள் ஒரு கட்டுரைக்கு 30 முதல் 40 டாலர் வரை கேட்கின்றன. ஏறத்தாழ 3,000 ரூபாய். இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறும் அறிவியல் மாணவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் தரப்படும் இதரச் செலவுத் தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாய். வேதிப்பொருளோ பயணமோ வேண்டாம் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு நான்கு கட்டுரைகள்தான் வாங்க முடியும். ஓர் ஆய்வேட்டுக்கு நூற்றுக்கணக்கான கட்டுரைகள் தேவை. உதவித்தொகையே கிடைக்காதவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இதே விலைதான் ஆய்வாளர்களை சை-ஹப் போன்ற தளங்களை நோக்கித் தள்ளியது. எல்சேவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் ஆகிய பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. இந்திய அறிவியலாளர்கள் பலர் தலையிட்டு, அத்தளம் இல்லையேல் ஆய்வு முடங்கும் என்று முறையிட்டார்கள். 2025 ஆகஸ்டில் அத்தளத்தை முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. தளத்தை நடத்தியவர் நீதிமன்றத்துக்கு அளித்த உறுதியை மீறினாரா என்பது ஒரு பக்கம். உத்தரவின் விளைவு எல்லோருக்கும் சமமாக இல்லை என்பது மறுபக்கம். ‘ஒரே சந்தா’வுக்குள் இருக்கும் ஐஐடி மாணவருக்கு இழப்பு சிறிது. வெளியே நிற்கும் உதவிபெறும் கல்லூரி மாணவருக்கு இரண்டு கதவுகளும் ஏறத்தாழ ஒரே ஆண்டில் சாத்தப்பட்டன.

சட்டம் முழுவதும் பதிப்பகங்களின் பக்கம் இருப்பதாக மாணவர்கள் எண்ண வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(ஏ) ஆய்வு உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நேர்மையான கையாள்கையை மீறல் அன்று என்கிறது. பிரிவு 52(1)(ஐ) கற்பித்தலின் போக்கில் ஆசிரியரும் மாணவரும் படியெடுப்பதை அனுமதிக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் ராமேஸ்வரி நகலகத்துக்கு எதிராக ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016 செப்டம்பர் 16 அன்று தனி நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லாவும், அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும், பாடத்துக்காக நூல் பகுதிகளைப் படியெடுத்துத் தொகுப்பதற்கு இப்பிரிவு இடம் தருகிறது என்று தீர்ப்பளித்தன. 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. நூலகங்கள் இத்தீர்ப்பைச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். அச்சத்தால் நகல் தர மறுக்கும் நூலகர்கள் நம் மாணவர்களுக்கு உரியதை மறுக்கிறார்கள்.

நீதிமன்றங்கள் திறந்த கதவு

அறிவியலை எல்லோருக்கும் திறந்துவிட முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் துறையிலிருந்தே விடை தரலாம். ஒரு காலத்தில் தீர்ப்புத் தொகுப்புகள் பெரிய மூத்த வழக்கறிஞர்களின் அலுவலக அலமாரிகளில் மட்டுமே இருந்தன. தொகுப்பு வாங்கப் பணமில்லாத இளம் வழக்கறிஞர், முன்னோர் யாரும் வழக்கறிஞராக இல்லாத தலித் வழக்கறிஞர், மூத்தவரின் தயவில்தான் முன்தீர்ப்பைப் பார்க்க முடிந்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52(1)(க்யூ) நீதிமன்றத் தீர்ப்புகளை மறுவெளியீடு செய்வதை அனுமதிக்கிறது. தீர்ப்பின் மூலவாசகம் பொதுவுடைமை என்பதை 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2008 முதல் இந்தியன் கானூன் தளம் தீர்ப்புகளைக் கட்டணமின்றித் தந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தன் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பை இணையத்தில் இலவசமாக்கியது. இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தின் வேப்பமர நிழலில் நிற்கும் இளம் வழக்கறிஞர், தில்லியின் மூத்த வழக்கறிஞர் படிக்கும் அதே தீர்ப்பைத் தன் கைபேசியில் படிக்கிறார்.

தீர்ப்பை எழுதுபவருக்கு மக்கள் வரிப்பணத்தில் ஊதியம். ஆகவே தீர்ப்பு மக்களுடையது. அறிவியல் ஆய்வுக்கும் பெரும்பாலும் மக்கள் வரிப்பணமே செலவாகிறது. கட்டுரை எழுதுபவருக்கும் அதை மதிப்பிடும் அறிஞருக்கும் பதிப்பகம் பணம் தருவதில்லை. அப்படியிருக்க, அதே கட்டுரையை 6,000 கோடி கொடுத்து ஏன் திரும்ப வாங்க வேண்டும்? ஒன்றிய உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலேயே, தங்கள் நிதியில் நடக்கும் ஆய்வுகளின் கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தன. அக்கொள்கை முறையாகச் செயல்பட்டிருந்தால், குறைந்தபட்சம் இந்திய அறிவியலாவது இந்தியர் அனைவருக்கும் கிடைத்திருக்கும்.

திறந்த அணுகல் என்ற பெயரில் வேறொரு சுமை வந்திருப்பதையும் மறக்கக் கூடாது. படிப்பவரிடம் வாங்காமல் எழுதுபவரிடம் கட்டணம் வாங்கும் முறை அது. ‘நேச்சர்’ இதழ் 2021 முதல் ஒரு கட்டுரையைத் திறந்து வெளியிட 9,500 யூரோ என்று நிர்ணயித்தது. அது பல லட்சம் ரூபாய். வாசிக்கும் உரிமையைத் தந்து எழுதும் உரிமையைப் பறிக்கும் முறை நமக்கு விடையாகாது. கோயம்புத்தூரிலிருந்து வெளிவரும் ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்டு டாக்ஸா’, பெங்களூருவின் ‘கரண்ட் சயின்ஸ்’ போன்ற இதழ்கள் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. இத்தகைய இதழ்களை வளர்க்க ஆகும் செலவு, பன்னாட்டுப் பதிப்பகங்களுக்குக் கட்டும் சந்தாவோடு ஒப்பிட்டால் சிறியது.

குளமும் நூலகமும்

1923 ஆகஸ்டில் பம்பாய்ச் சட்டமன்றம், பொதுப் பணத்தில் கட்டப்பட்ட குளங்கள், கிணறுகள், பள்ளிகள், அலுவலகங்கள் ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. மகாடின் சவுதார் குளம் பூட்டியே இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் அந்தக் குளத்தில் இறங்கி நீரருந்திய பிறகே அது தேசத்தின் கேள்வியானது. அரசமைப்பின் 15(2) ஆம் பிரிவு, அரசின் நிதியால் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் கிணறுகள், குளங்கள், சாலைகள், பொது இடங்களைச் சாதியின் பெயரால் யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. இன்றைய ஆய்வு நூலகம் சாதியின் பெயரைச் சொல்லி யாரையும் தடுப்பதில்லை. நிர்வாகம், நிதி வகைப்பாடு, உள்நுழைவுக் கடவுச்சொல் என்னும் பெயர்களில் தடுக்கிறது. ஆனால், தடுக்கப்பட்டவர்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள்.

அம்பேத்கர் நூலகத்தின் மதிப்பைத் தன் வாழ்வால் அறிந்தவர். நியூயார்க்கில் உணவைக் குறைத்து வாங்கிய நூல்களைக் கப்பலில் அனுப்பினார். 1917 இல் அந்தக் கப்பல் போரில் தாக்கப்பட்டு நூல்கள் கடலில் மூழ்கின. பின்னர் மும்பை தாதரில் ராஜகிருகத்தைக் கட்டியபோது நூல்களை மனத்தில் வைத்தே கட்டினார். 1946 இல் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது தன் சேகரிப்பால் அதன் நூலகத்தை வளப்படுத்தினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கான கல்லூரிக்குக் கட்டடம் போலவே சேகரிப்பும் அடித்தளம் என்பது அவர் நமக்குக் காட்டிய வழி. அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்ற கனவை எழுதிவைத்துவிட்டு 2016 ஜனவரியில் மறைந்த ரோஹித் வெமுலாவின் பெயரைச் சொல்லும் நாம், அந்தக் கனவுக்குத் தேவையான நூலகத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

பணமில்லை என்ற வாதம்

தனியார் கல்லூரிகளையும் சேர்த்தால் செலவு கட்டுக்கடங்காது என்பது முதல் மறுப்பு. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி, 1.8 கோடிப் பயனாளிகள் என்று கணக்கிட்டால் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 ரூபாய். கல்லூரிகள் வசூலிக்கும் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. மேலும், மின்வடிவ இதழ் நூறு பேர் படித்தாலும் ஆயிரம் பேர் படித்தாலும் தேய்வதில்லை. கூடுதல் வாசகரால் பதிப்பகத்துக்கு ஆகும் செலவு அற்பம். நாடே ஒரே வாங்குபவராக நின்று பேரம் பேசும்போது இதை வலியுறுத்தியிருக்க வேண்டும்.

தனியார் நிர்வாகங்களுக்கு அரசுப் பணத்தில் சலுகையா என்பது இரண்டாவது மறுப்பு. நியாயமான கேள்விதான். இலாபம் ஈட்டும் நிறுவனங்களிடம் அவற்றின் பங்கை வாங்குங்கள்; அங்கீகாரத்துக்கு அதை நிபந்தனையாக்குங்கள். ஆனால், அரசு ஊதியம் தரும் உதவிபெறும் கல்லூரிகளையும், அரசே கட்டணம் செலுத்தும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களையும் நிர்வாகத்தின் தன்மையைக் காட்டி விலக்குவதற்கு நியாயம் இல்லை. உரிமை மாணவருடையது, நிர்வாகத்துடையது அன்று.

கோர வேண்டியவை

‘ஒரே சந்தா’வின் முதல் ஒப்பந்தக் காலம் 2027 இறுதியில் முடிகிறது. அடுத்த ஒப்பந்தம் எழுதப்படும் முன் நம் குரல் கேட்க வேண்டும்.

ஒன்று: அரசு உதவிபெறும் கல்லூரிகள் அனைத்தும் திட்டத்துக்குள் வர வேண்டும். அரசின் கல்வி உதவித்தொகை பெறும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு, அவர் எக்கல்லூரியில் படித்தாலும், தனிப்பட்ட உள்நுழைவு வழங்க வேண்டும்.

இரண்டு: பொது நூலகங்கள் இணைக்கப்பட வேண்டும். இந்தியாவின் முன்னோடி நூலகச் சட்டங்களில் ஒன்றான 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டு மக்கள் வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிறார்கள். 2023 ஜூலையில் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் கிளை நூலகங்களிலும் ஆய்விதழ்களைப் படிக்கும் கணினிகள் வேண்டும். வழக்கறிஞரும் தொழிற்சங்கத்தினரும் பளியர் இளைஞரும் படிக்கக்கூடிய இடம் அதுவே.

மூன்று: 2024 இல் தமிழ்நாடு இயற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டச் சட்டத்தின் நிதியிலிருந்து ஆய்வு மாணவர்களுக்கான நூலக ஆதரவுக்கு ஒதுக்கீடு செய்ய வேண்டும். பொறியியல், மருத்துவ மாணவர்களுக்காக 1970களின் இறுதியில் தொடங்கிய நூல் வங்கித் திட்டத்தின் இன்றைய வடிவம் ஆய்விதழ் அணுகலாகத்தான் இருக்க முடியும்.

நான்கு: ஒவ்வொரு மாவட்டத்திலும் அதன் தேவையை ஒட்டிய அறிவியல் சேகரிப்பு உருவாக வேண்டும். விருதுநகருக்கு அது காடு, பஞ்சு, வெடிமருந்து, கண்மாய். இம்மண்ணையும் மக்களையும் பற்றிய ஆய்வுகளின் படிகளும் தமிழ்ச் சுருக்கங்களும் அங்கே இருக்க வேண்டும். ஆய்வுக்கு உட்பட்ட சமூகத்துக்கு அவை முதலில் போய்ச் சேர வேண்டும்.

மாணவர்கள் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. டிஏவி கல்லூரி வழக்கில் 2019 செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம், அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் கல்லூரிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று தீர்ப்பளித்தது. உங்கள் கல்லூரியில் மூன்று ஆண்டுகளில் நூலகத்துக்குச் செலவிட்ட தொகை, வாங்கிய ஆய்விதழ்கள், அவற்றின் பயன்பாட்டு எண்ணிக்கை, நூலகர் பணியிடத்தின் நிலை, நூலகக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடிப் பிரதிநிதித்துவம் ஆகியவற்றைக் கேட்டு மனு அனுப்புங்கள். உதவிபெறும் கல்லூரிகள் ‘என்-லிஸ்ட்’ திட்டத்தில் சேர முடியும். உங்கள் கல்லூரி சேர்ந்திருக்கிறதா, கடவுச்சொல் மாணவர்களுக்குத் தரப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஷோத்கங்காவில் பல லட்சம் இந்திய ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டுரையாசிரியருக்கு நேரடியாக எழுதிப் படி கேட்பது முற்றிலும் சட்டத்துக்கு உட்பட்டது. பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். ஊருக்கு நான்கு ஆய்வு மாணவர்கள் சேர்ந்து, கிடைப்பதைப் பகிர்ந்துகொள்ளும் வட்டம் ஒன்றை உருவாக்குங்கள். உறவு வளையம் இல்லாதவர்களுக்கு அமைப்புதான் உறவு.

இவை தற்காலிக வழிகளே. வாசலில் நிற்பவர் தனக்கென ஒரு சிறு குடம் தேடிக்கொள்வதால் குளத்தின் பூட்டு திறந்துவிடாது. 2027க்குள் அந்தப் பூட்டைத் திறக்க வைக்கும் கோரிக்கையை மாணவர் அமைப்புகளும் ஆசிரியர் சங்கங்களும் தலித் இயக்கங்களும் ஒன்றாக எழுப்ப வேண்டும்.